87-ல நாங்க மரம் வெட்டுனா போராட்டம், இவன் கல்லு விட்டா ரவுடித்தனமா? பெருசுங்க கொஞ்சம் வாங்க

காவேரிப்பட்டணத்தான்
19 பிப்ரவரி 2023, இரவு 9.52

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க அதிகமா எழுதற ஆள் இல்ல, மாங்கா வெலை என்ன, டேம்ல தண்ணி எவ்ளோன்னு பாத்துட்டு போயிடுவேன். இப்ப ஒரு விஷயம் பத்து நாளா தூங்க விடல அதான் எழுதறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

இந்த மாசம் 2-ந்தேதி ஓசூர் கிட்ட கோபசந்திரத்துல எருது விடறதுக்கு அனுமதி லேட்டாகுதுன்னு பசங்க ஹைவேல உக்காந்தது, அப்பறம் கல்லு பறந்தது, பஸ் கண்ணாடி ஒடைஞ்சது எல்லாம் டிவில பாத்திருப்பீங்க. என் தங்கச்சி மவன் அங்கதான் இருந்தான். வயசு 20, ஓசூர்ல கான்ட்ராக்ட் வேலை. எருது கொம்புல கட்டற தட்டிய ஓடி பறிக்கறதுல கில்லாடி, அதுக்காக லீவு போட்டுட்டு ஊர் ஊரா போறவன். எவனோ எடுத்த செல்போன் வீடியோல இவன் மூஞ்சி பளிச்சுனு விழுந்துருச்சு. கேஸ்ல பேரு இருக்கு.

ஜாமீன்ல வந்தன்னைக்கு நான் போயி நல்லா ஏத்துனேன். பஸ்ல இருந்தவன் என்னடா பாவம் பண்ணான், உங்கம்மா முகத்த பாருடா, ரவுடிப்பயலா ஆயிட்டியாடா அப்பிடி இப்பிடின்னு. அவன் தல குனிஞ்சுகிட்டே கேட்டுட்டு கடைசில நிமிந்து ஒண்ணு கேட்டான். "மாமா, 87-ல நீங்க புளியமரத்த வெட்டி ரோட்ல போட்ட கதைய நான் அஞ்சாவது படிக்கறப்பலேருந்து கேக்கறேன். பொங்கலுக்கு பொங்கல் சொல்றீங்க. நீங்க பண்ணா போராட்டம், நாங்க பண்ணா ரவுடித்தனமா?" என் தங்கச்சி என்னைய ஒரு பார்வ பாத்துச்சு. நான் மோர் குடிச்சுட்டு கெளம்பி வந்துட்டேன்.

சின்ன பசங்களுக்கு தெரியாதுன்னா சொல்றேன், 1987 செப்டம்பர் 17 தொடங்கி ஒரு வாரம் வன்னியருக்கு இடஒதுக்கீடு கேட்டு வடமாவட்டம் பூரா சாலை மறியல். 21 பேர் உயிர் போச்சு. 1989-ல எம்பிசிக்கு, அதான் மிகவும் பிற்பட்டவங்களுக்கு, 20 சதவீதம் வந்துச்சு. அதுல படிச்சு வேலைக்கு போனவங்க எங்க தெருவுலயே இருக்காங்க, அத நான் எங்கயும் விட்டுக்குடுக்க மாட்டேன். எனக்கு அப்ப 21 வயசு. கிருஷ்ணகிரி தர்மபுரி ரோட்டுல ரெண்டு பக்கமும் புளியமரம் கூடாரம் மாதிரி நிக்கும், அதுல ஒண்ண ராவோட ராவா ரம்பம் போட்டு சாச்சோம்.

பொங்கலுக்கு நான் சொல்லாத ஒரு பகுதி இருக்கு. மரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு தக்காளி லாரி மாட்டிகிச்சு. ராயக்கோட்டை லோடு, சேலம் மண்டிக்கு போறது. மொத நாள் டிரைவர் கத்துனாரு, ரெண்டாம் நாள் கெஞ்சுனாரு. மூணாம் நாள் லாரி அடியிலேருந்து செவப்பா தண்ணி சொட்ட ஆரம்பிச்சுது, ஈ மொச்சுது. நாங்க அதுலயே நல்ல பழமா பொறுக்கி கொழம்பு வெச்சு களி கிண்டி தின்னோம், பாவம் அவரும் எங்களோடயே உக்காந்து தின்னாரு, எங்க போவாரு. அஞ்சாம் நாள் காலைல எங்கிட்ட வந்து "தம்பி, மரத்த ஒரு ஓரமா ஒதுக்குனா வண்டி போயிரும், மிச்சம் இருக்கறதயாவது வித்துருவேன்"னாரு. நான் நாலு பேரு காதுல விழறமாதிரி சத்தமா சொன்னேன், "உன் தக்காளிய விட எங்க புள்ளைங்க எதிர்காலம் பெருசுய்யா". எனக்கு அப்ப கல்யாணமே ஆகல. சுத்தி இருந்தவனுங்க விசில் அடிச்சானுங்க. அந்த விசிலுக்காகவே சொன்னது அது.

மறியல் முடிஞ்சு அவரு லோட மொத்தமா ஓரத்து பள்ளத்துல தள்ளிட்டு வெறும் வண்டியோட போனாரு. தீபாவளி வாக்குல பாத்தா அந்த பள்ளம் நீட்டுக்கும் தக்காளி செடி மொளைச்சு நிக்குது.

இப்ப பெருசுங்க யாராச்சும் சொல்லுங்க, இந்த பையனுக்கு நான் என்ன பதில் சொல்றது.


ஒகேனக்கல் பரிசல்
19 பிப்ரவரி 2023, இரவு 10.31

அண்ணே உங்களதாவது போராட்டம். எங்க புரட்சி எல்லாம் முடி வளக்கறதுலயே முடிஞ்சு போச்சு. 1977-78 இருக்கும், தோள் வரைக்கும் ஹிப்பி முடி, ரோட்ட கூட்டற மாதிரி பெல்பாட்டம், கிரைண்டர் கல்லு மாதிரி கனமா ஒரு பெல்ட் பக்கிள். எங்கப்பாரு ஒருநாள் மத்தியானம் நான் அசந்து தூங்கறப்ப நாவிதர வூட்டுக்கே கூட்டியாந்து தலைல ஒரு பக்கம் மட்டும் வழிச்சுட்டாரு. மீதிய வெட்டாம ரெண்டு நாள் அப்பிடியே சுத்துனேன், கொள்கை! மூணாம் நாள் காலேஜ் பொண்ணுங்க பஸ்ல பாத்து சிரிச்சதும் கொள்கைய தூக்கி போட்டுட்டு மொட்டை போட்டுகிட்டேன், கேட்டவங்களுக்கு திருப்பதின்னு சொல்லிட்டேன்.

சித்தப்பாவோட ராஜ்தூத்த சைலன்சர கழட்டிட்டு பென்னாகரம் ரோட்ல ஓட்டுனது இன்னொண்ணு. எதுக்கு கழட்டுனோம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

என் பேத்தி இதெல்லாம் கேட்டுட்டு "இதுக்கு எதுக்கு தாத்தா கலகம்னு பேரு"ங்குது. ஞாயந்தான்.


மொரப்பூர் வாத்தியார்
20 பிப்ரவரி 2023, காலை 6.15

காவேரிப்பட்டணம் தம்பிக்கு. நான் 75 தாண்டியாச்சு, ரிட்டையர்டு வாத்தியார். அந்த பையன் கேட்டதுல தப்பில்லங்க, நாமதான் கதைய பாதி பாதியா சொல்லி வளத்துருக்கோம். என் பாதி கதைய முழுசா சொல்றேன்.

1965 ஜனவரி. நான் எஸ்எஸ்எல்சி. அப்ப தர்மபுரி தனி ஜில்லா கெடையாது, அந்த வருஷம் அக்டோபர் 2-ந்தேதிதான் சேலத்துலேருந்து பிரிஞ்சுது. 26-ந்தேதிலேருந்து இந்தி ஆட்சிமொழின்னு சொன்னதும் மதுரைல ஆரம்பிச்சு மாநிலம் பூரா பத்திகிச்சு. எங்க பக்கத்துல ரயில்வே ஸ்டேஷன்னா மொரப்பூர்தான், போர்டுல மூணு பாஷை. நாங்க அஞ்சு பேரு, ரோடு வேலைக்கு வெச்சிருந்த பீப்பாயிலேருந்து தார சொரண்டி ஒரு டால்டா டப்பால போட்டு ஸ்டேஷனுக்கு பின்னாடி முள்ளு கொளுத்தி காச்சுனோம். வேப்பங்குச்சில பழந்துணிய சுத்தி பிரஷ். அமாவாசை கிட்ட, கும்மிருட்டு. பூசிட்டு ஓடியாந்து படுத்துட்டோம், படுத்தா தூக்கம் எங்க வருது.

விடிஞ்சு ஒண்ணும் தெரியாத மாதிரி ஸ்டேஷனுக்கு போயி பாக்கறோம், இங்கிலீஷ் எழுத்து மேல தார் வழிஞ்சு நிக்குது, இந்தி சுத்தமா மஞ்ச போர்டுல பளபளன்னு இருக்கு.

இந்த எடத்த நான் 40 வருஷமா கிளாஸ்ல சொன்னதே இல்லிங்க. "மொரப்பூர் ஸ்டேஷன்ல இந்திய அழிச்சோம்"னுதான் சொல்லிட்டு வந்தேன். மறுநாளு போயி சரியா பூசுனோம், அது வேற விஷயம், ஆனா மறுநாளு போனது மூணு பேருதான். ரெண்டு பேருக்கு வூட்ல தெரிஞ்சு போச்சு. எனக்கும் தெரிஞ்சுதான் போச்சு, நகக்கண்ணுல ஒட்டுன தார் எங்க போகும். எங்கம்மா மண்ணெண்ணெய தொட்டு தொட்டு தேச்சாங்க, அப்பறம் வெளக்கெண்ணெய். அப்பா வயலுக்கு போயி வர்றதுக்குள்ள போகணும்னு அவசரம். தோலு பிஞ்சு எரியுது, ஆனா கத்தக்கூடாது.

தம்பி, பதில்னு கேட்டீங்களே. நாங்க போர்டுக்கு தார் பூசுனோம், ரயில்ல இருந்தவங்க மேல கை வெக்கலன்னு சொல்லி தப்பிச்சுக்கலாம். ஆனா அந்த ரெண்டு மாசத்துல மாநிலத்துல தபாலாபீசு எரிஞ்சுது, துப்பாக்கிச்சூட்டுல எத்தனையோ உயிர் போச்சு, போலீஸ்காரங்களும் செத்தாங்க. நம்ம பக்கம் மட்டும் சுத்தம்னு சொல்லிக்கறதுக்கு எனக்கு வாய் வரல. 67-ல ஆட்சியே மாறுச்சு. இன்னைக்கு என் பேரன் ஓசூர்ல வடக்கத்தி பசங்களோட வேல செய்றான், சரளமா இந்தி பேசறான், அவனா கத்துகிட்டது. அவனா கத்துக்கட்டும்னுதான் நாங்களும் அன்னைக்கு டப்பாவ தூக்குனோம்.


ஓசூர் ரெண்டாம் ஷிப்ட்
20 பிப்ரவரி 2023, பகல் 12.08

பெரியவங்க மன்னிக்கணும். கதை எல்லாம் சூப்பர். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, நீங்க எல்லாருமே வாத்தியாரு, கவர்மெண்ட் வேலை, சொந்த தோப்பு. தார் பூசுனவரு வாத்தியார் ஆனாரு. மரம் வெட்டுனவரு நல்லா இருக்காரு. எங்களுக்கு ஒரே ஒரு கேஸ் இருந்தா கேட்டுக்குள்ளயே விட மாட்டானுங்க. என் கூட வேல பாத்த ஒருத்தனுக்கு வெரிஃபிகேஷன்ல ஒரு பழைய அடிதடி கேஸ் வந்து கான்ட்ராக்ட் ரினியூ பண்ணல. அதுல அவன் சமாதானம் பேசப்போனவன்.

உங்க காலத்துல தப்பு பண்ணிட்டு திரும்பி வர வழி இருந்துச்சு. இப்ப இல்ல. அதனால "எங்க காலத்துல நாங்க எவ்ளோ தைரியம் தெரியுமா, நீங்க எல்லாம் செல்போன நோண்டிட்டு கெடக்கறீங்க"ன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க ப்ளீஸ். 2017 ஜனவரில ஜல்லிக்கட்டுக்கு மெரினால உக்காந்தது எங்க செட்டுதான், இங்க கிருஷ்ணகிரிலயும் உக்காந்தோம். குப்பைய கூட நாங்களே பொறுக்குனோம்.


கோர்ட் வாசல் குமாஸ்தா
20 பிப்ரவரி 2023, மாலை 4.40

சிப்ட் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. நான் வக்கீல் ஆபீஸ்ல 30 வருஷமா குப்பை கொட்றவன். ஒரு விவரம் மட்டும் சொல்லிட்டு போறேன். சொத்து சேதத்துக்குன்னே தமிழ்நாடு அரசோட தனி சட்டம் 1992-லதான் வந்துச்சு, பப்ளிக் ப்ராப்பர்ட்டி கேஸ்னு வாய்ல சொல்லுவோமே அது. 87-ல அது இல்ல. அண்ணன் மரம் வெட்டுன அன்னைக்கும் மருமவன் கல்லு விட்ட அன்னைக்கும் நடுவுல சட்டம் மாறிடுச்சு. பஸ் கண்ணாடி ஒடைஞ்சா இந்த செக்ஷன் தானா வந்து ஒக்காந்துக்கும், ஜாமீன் அவ்ளோ லேசு கெடையாது, கண்ணாடி காச கட்டுன்னும் சொல்லுவாங்க.

இன்னொண்ணு. அந்தக்கால எப்ஐஆர்ல மொத நாலு பேரு பேர எழுதிட்டு "மற்றும் பலர்"னு போடுவாங்க. இங்க கதை எழுதற பெரியவங்க முக்காவாசி பேரு அந்த "மற்றும் பலர்"தான். வீடியோ வந்தப்பறம் பலருக்கும் பேரு வந்துருச்சு.


காவேரிப்பட்டணத்தான்
20 பிப்ரவரி 2023, இரவு 8.05

குமாஸ்தா சார், நான் மற்றும் பலரேதான். மறுக்கல. எங்கூட மரம் வெட்டுனவன்ல ஒருத்தன் பேரு மட்டும் கேஸ்ல ஏறுச்சு, வாய்தாவுக்கு வாய்தா அலைஞ்சான், ஒருதடவ கூட நான் பஸ் காசு குடுத்ததில்ல. அவன் இப்ப இல்ல.


ராயக்கோட்டை மண்டி
21 பிப்ரவரி 2023, காலை 7.22

இத படிச்சுட்டு ஒரு நா பூரா எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எங்க வூட்ல தெலுங்கு பேசுவோம், எங்க நைனாவுக்கு அப்ப மூணு ஏக்கரா தக்காளி. 87 மறியல்ல எங்களோட ரெண்டு லோடு போச்சு. அண்ணன் சொன்ன லாரி எங்களுதா இல்லையா தெரியாது, நூறு லாரி மாட்டியிருக்கும்.

அந்த காலத்துல லோடு போயி வித்தப்பறம்தான் காசு. மண்டில முன்பணம் வாங்கிதான் நாத்து, மருந்து எல்லாம். லோடு போகலன்னா முன்பணம் கடனா நிக்கும். நைனா அந்த கடன தீக்க ரெண்டு வருஷம் ஆச்சு, நடுவுல ஒரு சோடி மாடு போச்சு. எனக்கு 9 வயசு. செவலை மாட்ட ஓட்டிகிட்டு போனப்ப அது வாசல்ல நின்னு திரும்பி பாத்துச்சுன்னு எங்கம்மா இப்பவும் சொல்லும்.

ஆனா ஒண்ணு சொல்லணும் அண்ணா, எங்க நைனா உங்கள திட்டுனதில்ல. "வாள்ளகி அக்கர உந்தி, மனகி அப்பு உந்தி", அவங்களுக்கு தேவை இருக்கு நமக்கு கடன் இருக்குன்னு சொல்லி சிரிப்பாரு. 30 வருஷமா அந்த டிரைவர யாரும் கேக்கல, நீங்க எழுதிட்டீங்க. அது போதும் எனக்கு.

பள்ளத்துல மொளைச்ச செடிங்கள யாராச்சும் பறிச்சாங்களா?


காவேரிப்பட்டணத்தான்
21 பிப்ரவரி 2023, காலை 9.10

மண்டி தம்பி, எங்க தெரு பொம்பளைங்க மார்கழி வரைக்கும் பறிச்சாங்க. எங்கம்மாவும்தான். நான் அந்த தக்காளி கொழம்ப தின்னேன். வேற என்னத்த சொல்ல, உங்க அப்பாவுக்கு என் கும்பிடு.


பென்னாகரத்து பழைய ஆளு
21 பிப்ரவரி 2023, இரவு 11.47

எல்லாரும் பண்ணத எழுதறீங்க, நான் பண்ணாம விட்டத எழுதறேன்.

70-கள் கடைசில தர்மபுரில காலேஜ். எங்கூட ரூம்ல ஒருத்தன், பேரு வேணாம். எங்க பக்கத்து டீக்கடைங்கள்ல அப்ப ரெண்டு வகை டம்ளர். பெஞ்சுல உக்காந்து குடிக்கறவங்களுக்கு கண்ணாடி கிளாசு. காலனிலேருந்து வர்றவங்களுக்கு கூரை எறப்புல சொருகி வெச்ச அலுமினிய டம்ளர், சில கடைல கொட்டாங்குச்சி, குடிச்சுட்டு அவங்களே கழுவி சொருகணும். ஒருநாள் அவன் போயி எறப்புலேருந்து அலுமினிய டம்ளர எடுத்து நீட்டுனான். டீ மாஸ்டர் "சாமி, அது உங்களுது இல்ல"ன்னாரு. "இன்னைலேருந்து இதான் என்னுது"ன்னான். மாஸ்டருக்கு கை நடுங்குது, ஊத்தவும் முடியல ஊத்தாம இருக்கவும் முடியல, டீ பாதி கீழ போச்சு. இவன் நின்னபடியே குடிச்சு, கழுவி, திரும்ப எறப்புல சொருகுனான். என்னைய பாத்தான். என் கைல கண்ணாடி கிளாசு. நான் குனிஞ்சு ஊதி ஊதி குடிச்சுகிட்டே இருந்தேன்.

அப்பறம் அவன் நக்சலைட் இயக்கத்து பக்கம் போனான். கந்துவட்டிக்கு எதிரா ராத்திரி கூட்டம் அது இதுன்னு. என்னையும் ரெண்டு தரம் கூப்ட்டான். தங்கச்சி கல்யாணம் இருக்குன்னேன். அவனுக்கும் ரெண்டு தங்கச்சி. 1980-ல போலீஸ் வேட்டை நடந்த வருஷம் அவன் ரூமுக்கு வர்றது நின்னு போச்சு. நாயக்கன்கொட்டாய்ல அந்த இயக்கத்து தலைவருங்க அப்பு, பாலன் செலை இருக்குல்ல, அவங்க பேராவது செலைல இருக்கு. இவன் பேரு எங்கயும் இல்ல. அவன் தகர பொட்டிய அவங்கப்பா வந்து எடுத்துகிட்டு போனாரு, உள்ள ரெண்டு சட்டையும் ஒரு சீப்பும்.

ஆயுதம் எடுத்த வழி சரின்னு நான் சொல்ல வரல, அதுல எத்தனை குடும்பம் அழிஞ்சுதுன்னு கண்ணால பாத்தவன். ஆனா அந்த டம்ளர் சரி. அத செய்ய துப்பாக்கி வேணாம், கை நீட்டுனா போதும், அதுக்கே எனக்கு துணிச்சல் வரல.

அதே நாயக்கன்கொட்டாய் பக்கம் 2012 நவம்பர்ல காலனி வூடுங்க எரிஞ்சுது, எல்லாருக்கும் தெரியும். செலை பாத்துகிட்டேதான் இருந்துச்சு.


இழை காப்பாளர்
22 பிப்ரவரி 2023, காலை 8.00

2012 பத்தி வந்த 14 பதிவ எடுத்துட்டேன். சாதி பேர போட்டு சண்டை போடறவங்க வேற எடம் பாத்துக்கோங்க. பென்னாகரத்துக்காரர் பதிவு அப்பிடியே இருக்கும், ரிப்போர்ட் அடிச்சு பிரயோசனம் இல்ல.


ஒகேனக்கல் பரிசல்
22 பிப்ரவரி 2023, காலை 8.26

காப்பாளர் அண்ணே நான் முடி வளத்த பதிவயாவது எடுத்துடுங்க, பேத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குடும்ப குரூப்ல போட்டுருச்சு.


ஜெராக்ஸ் கடை, தர்மபுரி
22 பிப்ரவரி 2023, மாலை 6.33

மருமவன் வெவகாரத்துக்கு வரேன்.

நானும் பஸ் மேல கல்லு விட்டவன்தான். 1972-ல எம்ஜிஆர கட்சிய விட்டு நீக்குன செய்தி வந்தப்ப ஊருக்கு ஊரு பஸ்ஸ நிறுத்துனாங்க, நாங்க ஸ்கூல் பசங்க. கல்லு பட்டு கண்ணாடி வலை மாதிரி விரியும் பாருங்க, அப்பிடியே நின்னு பாத்துட்டு ஒரு செகண்டுக்கு அப்பறம் பொலபொலன்னு கொட்டும். அத பாக்கறதுக்காகவே இன்னொரு கல்லு எடுப்போம். எம்ஜிஆர் எல்லாம் அப்பறம். கல்யாணம் ஆயி கடை வெச்சப்பறமும் பந்த்னா அந்த கதைய சிரிச்சுகிட்டே சொல்லுவேன்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஓட்டல் வழக்குல ஜெயலலிதாவுக்கு எதிரா தீர்ப்பு வந்துச்சுன்னு மத்தியானம் கடை எல்லாம் சாத்தச் சொன்னாங்க, நானும் ஷட்டர எறக்கிட்டேன். பின்னாடி உக்காந்து பேப்பர் அடுக்கிகிட்டு இருந்தேன், இதுவும் நம்ம காலத்து மாதிரி ரெண்டு கண்ணாடியோட முடிஞ்சுரும்னு. இலக்கியம்பட்டில கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸ எரிச்சுட்டாங்க. டூர் வந்த பொண்ணுங்க. மூணு பேரு உள்ளயே போயிட்டாங்க. என் மூத்த பொண்ணு அப்ப பன்னெண்டாவது, அதே காலேஜுக்குதான் அப்ளிகேஷன் போடணும்னு சொல்லிகிட்டு இருந்துச்சு.

சாயங்காலம் கடைக்கு முன்னாடி நாலு பேரு நின்னு பேசறாங்க, "கல்லு விடறதோட நிறுத்தியிருக்கலாம்"னு. எனக்கு கை கால் எல்லாம் வெலவெலத்து போச்சு. நான் எங்க நிறுத்துனேன், கல்லு தீந்துது நின்னேன். 72-ல எவனாச்சும் பெட்ரோல் கேன குடுத்து புடிடான்னு சொல்லியிருந்தா புடிச்சிருக்க மாட்டேன்னு எதை வெச்சு சொல்வேன்?

கேஸு 2007-ல மூணு பேருக்கு தூக்குன்னு உறுதியாச்சு, 2016-ல ஆயுள் ஆச்சு, 2018-ல வெளிய வந்தாங்க. அதப்பத்தி ஆளாளுக்கு ஒரு கருத்து, நான் அதுக்குள்ள போகல. அன்னைலேருந்து நான் அந்த 72 கதைய சிரிச்சுகிட்டு சொல்றதில்ல. உங்க மருமவன்கிட்ட இத சொல்லுங்க, சொல்லாட்டி போங்க. ஆனா அவன் விட்ட கல்லு எந்த சீட்டு பக்கம் போச்சுன்னு மட்டும் கேளுங்க. அவனுக்கு தெரியாது. எனக்கும் தெரியாது.


அரூர் அக்கா
22 பிப்ரவரி 2023, இரவு 9.15

அண்ணனுங்க எல்லாம் எழுதறத மூணு நாளா படிச்சுட்டுதான் இருக்கேன். முடி, மரம், தார், கல்லு. வாத்தியார் ஐயா கதைல எனக்கு நின்னது அந்த அம்மாதான். புள்ள கைய தேச்சு தேச்சு வுட்டுட்டு, புருசன் வந்ததும் ஒண்ணும் நடக்காத மாதிரி களி போட்டிருப்பாங்க. அவங்கள யாரு போராளின்னு சொன்னா?

நானும் ஒரு கலகம் பண்ணேன். 1981, பத்தாவது பரிட்சைக்கு முன்னாடி தாய்மாமனுக்கு பேசி முடிச்சுட்டாங்க. நான் நெல்லு குதிருக்கு பின்னாடி போயி உக்காந்துகிட்டு ரெண்டு நா சோறு தண்ணி தொடல. மூணாம் நாள் எங்க ஆயா வந்து ஒரு டம்ளர் நீராகாரத்த வெச்சுட்டு, "குடிச்சுட்டு உக்காரு, பசிச்ச வயித்தோட ரொம்ப நேரம் அடம் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டு போச்சு. பரிட்ச எழுதுனேன். 412 மார்க். எந்த பஸ்ஸும் நிக்கல, எவன் தக்காளியும் அழுகல.

மாமன் மட்டும் பத்து வருஷம் எங்கூட பேசல. அவரு பொண்ணுக்கு காலேஜ் பீஸ் கட்ட நாந்தான் போனேன்.


பாப்பாரப்பட்டி
23 பிப்ரவரி 2023, காலை 7.50

அக்காவுக்கு கும்பிடு. எங்க ஊர்ல சுப்ரமணிய சிவா மணிமண்டபம் இருக்கு, பேரன்களை கூட்டிட்டு போனா எல்லாம் செல்பி எடுத்துகிட்டு வந்துடுவாங்க. ஜெயில்ல தொழுநோய் வாங்கிட்டு வந்த மனுசன், ரயில்ல ஏறக்கூடாதுன்னு வெள்ளக்காரன் தடுத்தப்ப நடந்தே ஊர் ஊரா போயி பேசுனவரு, 1925 ஜூலைல எங்க ஊர்லதான் உயிர் போச்சு. போன பொங்கலுக்கு இத சொன்னேன், சின்னவன் ஒருத்தன் "நடந்துன்னா எவ்ளோ கிலோமீட்டர் தாத்தா"ன்னு கேட்டான். கேள்வி கேட்டதே பெருசுன்னு நெனச்சுகிட்டேன்.


ஓசூர் ரெண்டாம் ஷிப்ட்
23 பிப்ரவரி 2023, பகல் 2.30

ஜெராக்ஸ் கடை ஐயா பதிவ எங்க ரூம்ல சத்தமா படிச்சேன். ஆறு பேரு இருந்தோம். யாரும் எதுவும் பேசல. அப்பறம் ஒருத்தன் எழுந்து போயி குளிச்சுட்டு வந்தான். முன்னாடி நான் பேசுனதுல யாராச்சும் மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி.


காவேரிப்பட்டணத்தான்
5 மார்ச் 2023, இரவு 8.44

ரெண்டு வாரம் ஆச்சு, வர முடியல. மருமவனுக்கு கண்டிஷன் ஜாமீன், தெனம் காலைல 10.30-க்கு ஸ்டேஷன்ல கையெழுத்து. தனியா அனுப்ப தங்கச்சி பயப்படுது, அதனால நாந்தான் எக்ஸ்எல்ல பின்னாடி உக்காந்துகிட்டு போறேன், அவன் ஓட்டறான். கான்ட்ராக்ட் வேலை போயிருச்சு. இப்போதைக்கு என் தோப்புல பூவுக்கு மருந்தடிக்க வரான், செந்தூரா இந்த வருஷம் நல்லா பூத்திருக்கு.

தக்காளி லாரி கதைய மொத நாளே சொல்லிட்டேன். ராயக்கோட்டை தம்பி எழுதுனதயும் படிச்சு காட்டுனேன். ஒண்ணும் சொல்லல. ஜெராக்ஸ் கடைக்காரர் கேக்க சொன்னத கேட்டேன், எந்த சீட்டு பக்கம்டா போச்சுன்னு. ரொம்ப நேரம் கழிச்சு, "டிரைவர் பக்கம் மாமா. அவரு கைய முகத்துக்கு குடுத்தாரு. அது மட்டும் கண்ணுலயே நிக்குது"ன்னான். அதுக்கு மேல நானும் கேக்கல.

நேத்து திரும்பி வரப்ப 87-ல மரம் வெட்டுன எடத்துல வண்டிய நிறுத்த சொன்னேன், காட்டலாம்னு. எங்க காட்றது. நாலு வழி போட்டப்ப ரெண்டு பக்கமும் மொத்தமா எடுத்துட்டாங்க, ஒரு புளியமரம் இல்ல, நடுவுல அரளிச்செடிதான் வரிசையா நிக்குது. அந்த பள்ளமும் இல்ல, சர்வீஸ் ரோடு ஆயிருச்சு. வெயில்ல ரெண்டு பேரும் பேக்கரி எறப்பு நெழல்ல நின்னு நிப்பட்டு வாங்கி தின்னுட்டு இருந்தோம். அவன் ரோட்ட இந்த கோடிலேருந்து அந்த கோடி வரைக்கும் பாத்துட்டு கேட்டான்.

"மாமா, நீங்க வெட்டுனது ஒரு மரம். அதுக்கு கேஸு, வாய்தா எல்லாம் போட்டாங்க. இவ்ளோத்தயும் வெட்டுனவங்களுக்கு எந்த ஸ்டேஷன்ல கையெழுத்து?"

தெரிஞ்சவங்க யாராச்சும் சீக்கிரம் எழுதுங்கப்பா. நாளைக்கும் 10.30-க்கு இதே ரோட்லதான் போகணும்.